புல்லில் எழுதிய இலக்கம்

எங்கள் கடைத்தெருவில் மாட்டிறைச்சிக் கடையின் பலகையில் ஒரு மாடு வரையப்பட்டிருக்கும். கோழிக்கடையில் கோழி. கருவாட்டுக் கடையில், எந்த இனம் என்று சொல்ல முடியாத ஒரு மீன். எதை விற்கிறார்களோ அதை வரைவார்கள். வேறு எதற்காகவும் ஒரு விலங்கைப் படமாக வரைவதை எங்கள் ஊர் பார்த்ததில்லை.

அதனால் என் தங்கச்சியின் மகள் தன் வாப்பாவின் படகில் கடற்பசுவை வரையப்போகிறாள் என்ற கதை பரவியதும், தேத்தண்ணிக் கடையில் அவளுடைய வாப்பாவான என் மச்சானிடம் கேட்ட முதல் கேள்வி, கிலோ என்ன விலைக்குக் கொடுக்கப்போகிறாய் என்பதுதான்.

போர் முடிந்து, கடலுக்குப் போவதற்கான பாஸ் நடைமுறைகள் தளர்ந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. நான் கொழும்பில் பத்திரிகை வேலையை விட்டுவிட்டுக் கற்பிட்டிக்குத் திரும்பியிருந்தேன். மருமகள் உயர்தர வகுப்பில் சித்திரம் படித்துக்கொண்டிருந்தாள். அவளும் வகுப்புத் தோழர்கள் இருவரும் சேர்ந்து கடலைப் பற்றி ஒரு கண்காட்சி வைக்க நினைத்தார்கள். தோழர்களில் ஒருவன் உப்பளத் தொழிலாளியின் மகன், மற்றவள் வெங்காயத் தோட்டக்காரரின் மகள். ஆசிரியை பாடசாலை மதிலை ஒதுக்கித் தருவதாகச் சொன்னார். மருமகள் வேண்டாம் என்றாள். மதிலைப் பார்க்கிறவர்கள் சந்தைக்குப் போகிறவர்கள், வலை போடுகிறவர்கள் பார்ப்பது படகைத்தான் என்பது அவளுடைய வாதம். அதில் பிழை காண முடியவில்லை.

கடற்பசுவை ஏன் தெரிந்தெடுத்தாள் என்பது எனக்குத் தெரியும். அவள் சிறுமியாக இருந்தபோது ஒரு நாள் காலை, பெரிய கண் வைத்த திருக்கை வலையில் ஒன்று சிக்கி மூச்சுமுட்டிச் செத்துக் கரைக்கு வந்தது. ஊரில் அதை ஆவுளியா என்பார்கள். பிடிப்பதும் விற்பதும் குற்றம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததால், வெயில் ஏறுவதற்கு முன்பே அது துண்டுகளாகி, சொப்பிங் பைகளில் எங்கள் ஒழுங்கைக்கு வீடு வீடாக வந்துவிட்டது. தங்கச்சி வீட்டுக்கும் ஒரு பை வந்தது. மாட்டிறைச்சி போலவே சமைத்தார்கள். மருமகள் இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டாள். பிறகு ஒரு பாடப்புத்தகத்தில் அது தன் குட்டிக்குப் பால் கொடுப்பதையும், கடலடிப் புல்லை மேய்ந்து வாழ்வதையும் வாசித்தபோது, தான் சாப்பிட்டது அதைத்தானா என்று உம்மாவிடம் வந்து கேட்டாள். உம்மா ஓம் என்றாள். அவள் அழவில்லை. அன்றிலிருந்து கொப்பியின் கடைசிப் பக்கங்களில் அதை வரைய ஆரம்பித்தாள்.

படகு கொடுக்க யாரும் முன்வரவில்லை. காரணம் பகைமை இல்லை. இறைச்சிக்கடைப் பலகைதான் காரணம்.

"மாட்டுக் கடையில மாடு போட்டிருக்கு. என்ர போட்டுல ஆவுளியா போட்டா நான் என்ன யாவாரம் செய்றன் எண்டு நினைப்பாங்க மகள்?" என்று ஒருவர் அவளிடம் நிதானமாகவே கேட்டார். வேறொருவர், பாரை மீன் வரைவதென்றால் தன் படகை நாளைக்கே தருவதாகச் சொன்னார்.

கடைசியில் அவளுடைய வாப்பாதான் மிஞ்சினார். மச்சானுடையது, தொண்ணூறில் மன்னார்க் கரையிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது வந்த குடும்பம். வரும்போது சின்னப் பையன். இந்தக் கரையில் மற்றவர்களின் படகில் வேலை செய்தே வளர்ந்தவர். இந்தப் பிளாஸ்டிக் படகுதான் அவர் பெயரில் வந்த முதல் படகு. அதை மகளிடம் ஒப்படைக்கும்போது அவர் சொன்ன ஒரே நிபந்தனை, இஞ்சினில் வர்ணம் படக்கூடாது என்பது.

பிள்ளைகள் படகைக் கரையில் ஏற்றி, உரசி, இரண்டு பக்கமும் வெள்ளை அடித்தார்கள். அதன்மேல் நீலம். வலது பக்கத்தில் ஒரு தாய், இடது பக்கத்தில் தாயும் குட்டியும். மூவரில் யாரும் உயிருள்ள கடற்பசுவைக் கண்டதில்லை. கைத்தொலைபேசியில் இருந்த ஒரு படத்தையும், வெட்டுவதற்கு முன் மணலில் கிடந்ததை அவள் நினைவில் வைத்திருந்ததையும் கொண்டுதான் வரைந்தார்கள். அதனாலோ என்னவோ விலங்கு கொஞ்சம் கொழுப்பாக வந்துவிட்டது. போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். எந்தப் பகுதி மென்மையாக இருக்கும் என்று விரலால் காட்டிய பெரியவரை உப்பளத் தொழிலாளியின் மகன் முறைத்துப் பார்த்தான். "கோவிச்சிக்காதடா, நல்லா வரைஞ்சிரிக்கிறதாலதானே வாய் ஊறுது" என்று அவர் சமாதானம் சொன்னார்.

படகின் பதிவு இலக்கம் முன்பு முகப்பின் இரு பக்கமும் கறுப்பில் இருந்தது. வெள்ளை அடித்தபோது அது மறைந்தது. அதைத் திரும்ப எழுத வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். விலங்கின் தலைக்கு மேலே கறுப்பில் எழுதினால் படம் கெட்டுவிடும் என்று மருமகள் இரண்டு நாள் யோசித்தாள். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தாள். கடற்பசு மேய்கிற புல்லிலேயே இலக்கத்தை எழுதினாள். நீரோட்டத்தில் சாயும் புல்லின் ஒவ்வொரு தாளும் வளைந்து ஒவ்வொரு எழுத்தாகவும் இலக்கமாகவும் ஆனது. பச்சையின் மேல் இன்னொரு பச்சை. அந்தக் கரையில் அதைவிடக் கெட்டிக்காரத்தனமான வேலையை நான் கண்டதில்லை.

பார்க்க வந்த எல்லோரும் இலக்கத்தைக் கண்டுபிடித்தார்கள். மச்சான் ஒரு பார்வையிலேயே வாசித்தார். பக்கத்துப் படகுக்காரர்கள் வாசித்தார்கள். தங்கச்சி வாசித்தாள். நானும் வாசித்தேன். அந்த இலக்கம் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

கண்காட்சி வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு என்று முடிவாகியது. அதுவரை படகு கரையிலேயே இருக்கவேண்டும் என்பது பேச்சு. ஆனால் பல நாளாக வீசிக்கொண்டிருந்த கச்சான் காற்று வியாழக்கிழமை பகல் விழுந்துவிட்டது. காற்று விழுந்த கடலைப் பார்த்துக்கொண்டு எந்த மீனவனும் கரையில் இருக்கமாட்டான். வர்ணம் காய்ந்துவிட்டதா என்று மச்சான் விரலால் தொட்டுப் பார்த்தார். விடிய வந்துவிடுவேன், உன்னுடைய படத்துக்கு ஒன்றும் ஆகாது என்று மகளிடம் சொன்னார். வழக்கமாக அவரோடு போகிற கூட்டாளியையும் கூட்டிக்கொண்டு அஸர் தொழுகைக்குப் பிறகு புறப்பட்டார். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆனால் படம் முதன்முதலில் தண்ணீரில் போவதைக் கடைசிவரை நின்று பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை காலை மற்றப் படகுகள் எல்லாம் வந்துவிட்டன. அவர் வரவில்லை.

இந்தக் கரையில் ஒரு படகு பிந்துவதற்குப் பல சாதாரணக் காரணங்கள் உண்டு. இஞ்சின் நின்றிருக்கலாம், எண்ணெய் முடிந்திருக்கலாம், வலை பாறையில் சிக்கியிருக்கலாம். ஆனால் போர்க்காலத்தில் கடலுக்குப் போய் விடியத் திரும்பாதவர்கள் எங்கள் ஒழுங்கையிலும் இருந்தார்கள். அந்த வீடுகளில் எவரும் சாதாரணக் காரணத்தை முதலில் நினைப்பதில்லை. தங்கச்சி அந்த வரிசையில் வந்தவள். அவளுடைய மாமனார் மன்னாரில் ஒரு காலைப்பொழுதில் திரும்பி வராமல் போனவர். அவள் கரைக்கு வந்து, வலை காயப்போடும் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கைத்தொலைபேசியில் அவருக்கு எடுத்துக்கொண்டே இருந்தாள். இணைப்பு இல்லை என்பதை ஒரு பெண்குரல் மூன்று மொழிகளிலும் மாறிமாறிச் சொன்னது.

நான் என் பழக்கப்படி, கடைசியாக அவரைக் கண்டவர் யார் என்று விசாரிக்கத் தொடங்கினேன். பத்தலங்குண்டுத் தீவுப் பக்கமாக வலை போட்டிருந்தார், கடல் தட்டையாக இருந்தது, இஞ்சினில் ஒரு பழுதும் தெரியவில்லை என்று இரண்டு பேர் சொன்னார்கள். இந்தப் பதில்கள் நல்ல பதில்கள்தான். ஆனால் ஒவ்வொரு நல்ல பதிலுக்குப் பிறகும் தங்கச்சியின் முகம் இன்னும் இறுகியது. காரணம் இல்லாமல் ஒருவர் வராமலிருப்பது காரணத்தோடு வராமலிருப்பதைவிட மோசம்.

மூன்றாமவர் வலையிலிருந்து மீனைக் கழற்றிக்கொண்டே, நேற்று ராத்திரி கடற்படையின் ரோந்துப் படகு வந்தது, எல்லாரையும் நிறுத்திப் பார்த்தார்கள், லைட் அடித்து நம்பரைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள் என்றார். அதை அவர் ஒரு செய்தியாகச் சொல்லவில்லை. பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

மருமகள் கண்காட்சிக்காகக் கொண்டுவந்திருந்த கயிற்றுச் சுருளைக் கீழே வைத்தாள்.

"மாமா" என்றாள். "நம்பர்."

"என்ன நம்பர்?"

"லைட் அடிச்சாப் புல்லு மட்டும்தான் தெரியும். நம்பர் தெரியாது."

மீன் கழற்றிக்கொண்டிருந்தவர் தலையை ஆட்டினார். நம்பர் இல்லாத போட், மேலே ஆவுளியாப் படம், நானாக இருந்தாலும் பிடித்திருப்பேன் என்றார்.

தங்கச்சி இதை உள்வாங்கச் சற்று நேரம் எடுத்தது. "அப்ப புடிச்சித்தான் வெச்சிரிக்கிறாங்களா?" என்று கேட்டாள். ஓம் போலத்தான் தெரிகிறது என்றேன். அவள் கம்பை விட்டுவிட்டு மணலில் உட்கார்ந்தாள்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள்.

"புருசனைப் புடிச்சதுக்கு அல்ஹம்துலில்லாஹ் சொன்ன பொம்புள இந்தக் கரையில நீதான் ராத்தா" என்றார் மீன்காரர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

ஆனால் மகள் சிரிக்கவில்லை. வாப்பா கடலில் மூழ்கவில்லை என்பது உம்மாவுக்குப் போதுமாக இருந்தது. அவளுக்கு அது போதவில்லை. தன்னால்தான் அவர் எங்கேயோ ஒரு கதிரையில் உட்கார்த்தி வைக்கப்பட்டிருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வழக்குப் போட்டால் படகையும் எடுத்துக்கொள்வார்களா என்று என்னிடம் மட்டும் மெல்லிய குரலில் கேட்டாள். எடுக்கக்கூடும் என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று சொன்னேன்.

மீனவர் சங்கத் தலைவர் இரண்டு மூன்று இடங்களுக்குப் பேசினார். படகு ரோந்து முகாமின் துறையில் கட்டப்பட்டிருப்பதாகவும், அதில் வந்த இருவரும் நலமாக இருப்பதாகவும், பதிவுப் பத்திரத்தை யாராவது கொண்டுவரவேண்டும் என்றும் தகவல் வந்தது. எந்தப் படகு என்று அங்கே விசாரிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லையாம். கேட்டவுடனே, அந்தப் பிராணி போட்ட படகுதானே என்றார்களாம்.

பத்திரத்தை எடுத்துக்கொண்டு முச்சக்கர வண்டியில் நானும் மருமகளும் போனோம். வழியெல்லாம் அவள் பத்திர உறையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். வெங்காயத் தோட்டங்களில் தண்ணீர் சுழன்று விழுந்துகொண்டிருந்தது.

துறையில் எல்லாப் படகுகளும் சாம்பல் நிறம். நடுவில் எங்கள் படகு நீலமும் பச்சையுமாக நின்றது. சீருடைக்காரர் இருவர் அதன் முன்னால் நின்று ஒருவரையொருவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மச்சான் கூட்டாளியோடு ஒரு வாங்கில் உட்கார்ந்து பாணைத் தேநீரில் தோய்த்துக்கொண்டிருந்தார். மகளைக் கண்டதும் அவர் எழுந்து நின்றார். அவள் கிட்டப் போகாமல் தூரத்திலேயே நின்றாள். அவர்தான் வந்து அவள் தலையில் கைவைத்தார்.

நடந்ததை அவர் சுருக்கமாகச் சொன்னார். இலக்கம் என்ன என்று கேட்டார்கள், சொன்னார். எங்கே எழுதியிருக்கிறது என்றார்கள், புல்லைக் காட்டினார். அதன் பிறகு அவர் சொன்ன எதையும் அவர்கள் நம்பவில்லை. ஐஸ் பெட்டியைத் திறந்து திருக்கையையும் பாரையையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பார்த்தார்கள். இறைச்சியை எங்கே கொடுக்கிறாய் என்று வேறுவேறு ஆட்கள் வந்து கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அவர் தன் சிங்களத்தில் சொன்ன பதில் ஒன்றேதான். படம் நான் போட்டதில்லை, மகள் போட்டது, அதைப் பிடிக்கக்கூடாது என்று சொல்லத்தான் போட்டிருக்கிறாள். கடலில் பிடிபட்ட ஒருவன் சொல்லக்கூடிய பதில்களில் இதைவிட நம்ப முடியாத பதிலை என்னால் யோசிக்க முடியவில்லை.

பொறுப்பாக இருந்த அதிகாரி பத்திரத்தைப் பார்த்தார். பிறகு மருமகளிடம், எழுதியதை வாசித்துக் காட்டு என்றார். அவள் படகின் பக்கத்தில் குந்தியிருந்து ஒவ்வொரு புல்லாக விரல் வைத்து வாசித்தாள். பத்திரத்தோடு சரியாக இருந்தது. அவருக்கு அது பிடித்திருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. அவர் துறையின் மறு முனைவரை நடந்துபோய், அவளையும் அங்கே கூப்பிட்டுத் தன் பக்கத்தில் நிற்க வைத்து, இங்கிருந்து வாசி என்றார்.

அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"தெரியல்ல" என்று தமிழிலேயே சொன்னாள். நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

அவர் கோபப்படவில்லை. படம் நன்றாக இருக்கிறது, அதை அழிக்க வேண்டாம் என்றார். ஆனால் ஒரு படகு கவிழ்ந்து கிடந்தாலும், ஓட்டிப்போக யாரும் இல்லாமல் மிதந்தாலும், அது யாருடையது என்று தூரத்திலிருந்து தெரியவேண்டும். அதற்குத்தான் இலக்கம். அதை எழுதிவிட்டுப் படகைக் கொண்டுபோகலாம் என்றார். வழக்கு ஒன்றும் இல்லை. முகாமிலிருந்து ஒரு பேணி கறுப்பு வர்ணமும், மயிர் விறைத்துப்போன ஒரு தூரிகையும் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

இலக்கம் முகப்பில் வரவேண்டும். இரண்டு பக்கமும் முகப்பில் தாயின் உடம்பு இருந்தது. மருமகள் தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அந்த விறைப்பில் மெல்லிய கோடு வராது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"தலையில வராமப் பாத்துக்க மகள்" என்றார் மச்சான். "கண்ணு தெரியட்டும்."

"முதுகுலதான் வரும் வாப்பா. சூடு போட்ட மாடு மாதிரி இரிக்கும்."

"இரிக்கட்டுமே. உசிரோடதானே இரிக்கிது."

அவள் பத்திர உறையின் விளிம்பை மட்டமாக வைத்து, கட்டை கட்டையான எழுத்தில், தாயின் முதுகுக்குக் குறுக்காக எழுதினாள். ஒரு பக்கம் முடித்ததும் துறையின் முனைவரை ஓடிப்போய் அங்கிருந்து பார்த்துவிட்டு வந்தாள். பிறகு மற்றப் பக்கம். அதையும் ஓடிப்போய்ப் பார்த்தாள். அதிகாரி கையை உயர்த்திக் காட்டினார்.

திரும்பும்போது அவள் வாப்பாவோடு படகில் வர விரும்பினாள். அதுவரை அவள் கடலுக்குப் போனதில்லை. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு ஏறச் சொன்னார். நான் பத்திரத்தோடு முச்சக்கர வண்டியில் வந்தேன். வரும் வழியில் தங்கச்சிக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். எங்களூரில் அண்ணனை நானா என்போம்; சரி நானா, சரி நானா என்றாள். வீட்டுக்குப் போயிருப்பாள் என்று நினைத்தேன். நான் கரைக்கு வந்தபோது அதே கம்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

ஜும்ஆ முடிந்து ஆட்கள் கரைக்கு வந்துகொண்டிருந்தார்கள். கண்காட்சியில் காட்சி இல்லை. தோழர்கள் இருவரும் தென்னைகளுக்கிடையில் கயிறு கட்டி, கடற்புல்லின் சித்திரங்களைத் துணிக் கிளிப்புகளால் தொங்கவிட்டிருந்தார்கள். ஆசிரியை ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். படகு வரும் என்று உப்பளத் தொழிலாளியின் மகன் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். அதை அவன் எவ்வளவு நம்பினான் என்று தெரியவில்லை.

படகு முனையைச் சுற்றி வந்தபோது முதலில் தெரிந்தது நீலம். பிறகு பருத்த உடம்பு. படகு கரைக்கு நேராகத் திரும்புவதற்கு முன் ஒரு கணம் பக்கவாட்டில் நின்றது. தங்கச்சி கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, ஒவ்வொரு இலக்கமாக வாசித்தாள். உள்ளே இருப்பவர்களின் முகம் தெரியாத தூரம் அது. வாசித்து முடித்ததும் நெஞ்சிலிருந்து ஒரு மூச்சை விட்டாள். அன்று காலையிலிருந்து அவள் முழுதாக விட்ட முதல் மூச்சு அதுவாகத்தான் இருக்கவேண்டும்.

படகைக் கரைக்கு இழுக்க ஆட்கள் ஓடினார்கள். இழுத்து முடித்ததும் எல்லோரும் அதைச் சுற்றி நின்றார்கள். என்ன நடந்தது என்பது ஏற்கெனவே தெரிந்திருந்ததால் படத்தைப் பற்றி யாரும் விளக்கம் கேட்கவில்லை. மச்சான்தான் விளக்கினார். இறைச்சி எங்கே என்று தன்னிடம் கேட்டதைக் குரல் மாற்றிப் பேசிக் காட்டினார். மகள் எழுதி வைத்திருந்த நல்ல உரை அவளுடைய பையிலேயே கிடந்தது.

கடலில் என்ன கண்டாய் என்று அவளிடம் கேட்டேன். ஆழம் குறைந்த இடத்தில் வாப்பா இஞ்சினை நிறுத்திக் கீழே பார்க்கச் சொன்னாராம். கடற்பசு இல்லை. புல்தான் இருந்தது.

"நான் அடிச்ச பச்சை பிழை மாமா" என்றாள். "அது இவ்வளவு பச்சையில்ல. கொஞ்சம் மண் நிறம்."

படம் அந்தப் படகில் இன்னும் இருக்கிறது. பச்சையை அவள் பிறகு திருத்தினாள். இலக்கத்தைத் தொடவில்லை. மச்சான் திருக்கை வலையைப் புல்வெளியிலிருந்து அப்பால், ஆழத்துக்குக் கொண்டுபோய் விட்டார். மனம் மாறியா என்று கேட்டால் அவர் ஒப்புக்கொள்ளமாட்டார். எந்த ரோந்துப் படகும் முதலில் தன்னுடைய பெட்டியைத்தான் திறக்கிறது, இந்தப் படத்தை வைத்துக்கொண்டு எப்படிப் புல்லுக்கு மேலே வலை போடுவது என்பார்.

தங்கச்சி இப்போதும் விடிய எழுந்து கரைக்கு வருவாள். ஆனால் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. முன்னால் வருகிற படகுகளில் ஏதாவது ஒன்று இஞ்சினை நிறுத்தியதும், கேட்காமலே யாராவது அவளுக்குச் சொல்லிவிடுவார்கள்.

"ஆவுளியா பின்னால வருது ராத்தா."

அவள் வீட்டுக்குத் திரும்பித் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைப்பாள்.